கோடி கேட்ட துப்பாக்கி

நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் என்று பல கைபேசிகளைச் சுற்றிவிட்டு அந்தப் படம் என்னிடம் வந்தது. கோரைப்பாயின் மேல் நீளமான பழைய துப்பாக்கி ஒன்று. அளவு காட்ட அருகில் விரித்துவைத்த ஒரு டேப். கீழே செய்தி: தீரன் சின்னமலை கையில் இருந்த ஒரிஜினல் பீஸ், வெளிநாட்டுப் பார்ட்டி இரண்டு கோடிக்கு ரெடி, டெஸ்டிங் செலவு மட்டும் ஓனருடையது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழம்பொருள் வியாபாரம் என்று யாராவது பேச்செடுத்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது. இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள் இங்கே உண்டு. அவற்றிலும் வெளிநாட்டுப் பார்ட்டி இருப்பார், டெஸ்டிங் செலவு இருக்கும், கடைசிவரை டெஸ்டிங் மட்டும் முடியாது. துப்பாக்கியின் சொந்தக்காரர் சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளியும் சோளமும் போடும் விவசாயி. காட்டுப்பன்றிக்காக அவருடைய தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸ் வைத்திருக்கும் குடும்பம். செய்தியைப் பரப்பிய புரோக்கர் கேட்ட பணத்தைக் கொடுக்கும் முன், தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் மூலம் என்னைப் பிடித்தார். “கோடி கீடியெல்லாம் வேண்டாமுங்க. நாயமாப் பாத்தா இது என்ன பெறும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன்.

சின்னமலை கதையை முடித்துவைக்க நேரில் போக வேண்டியிருக்கவில்லை, படமே போதும். சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805இல். அந்தக் காலத்துப் படைத் துப்பாக்கிகள் திரியால் பற்றவைக்கப்பட்டன, அல்லது குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல்லால். படத்தில் இருந்த துப்பாக்கியின் குதிரை கல்லைக் கவ்வுவதல்ல. சுத்தியல்போல் வளைந்து, ‘கேப்பு’ எனும் சின்ன மருந்து மூடியின் மேல் அடிப்பது. அடிபட்டால் தீப்பொறி தரும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் காப்புரிமை வாங்கியதே 1807இல்தான். பிரிட்டிஷ் ராணுவம் கேப்புத் துப்பாக்கிக்கு மாற 1840கள் ஆயின. போதாததற்கு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குதிரை பொருத்திய இரும்புத் தகட்டில் ஒரு கிரீடம், அதன் கீழ் ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகள். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837இல். சின்னமலை இறந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகு.

புரோக்கருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கொங்கு நாட்டில் எந்தப் பெயரைச் சொன்னால் பேரம் பேசாமல் வாயடைத்து நிற்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொந்தக்காரர் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். அவர் வீட்டுக் கதை சாதாரணமானது: “எங்க அப்பாரு ஒரு வெள்ளைக்காரங்கிட்ட வாங்குனாருங்க.”

சின்னமலையுடையது இல்லை என்பதால் மதிப்பில்லை என்று ஆகிவிடாது. இது என்ன என்று பார்த்தாகவேண்டும். நேரில் போனேன்.

முதல் வேலை, குழலுக்குள் பழைய மருந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் அறுபது வருடத்துக்கு முன் போட்ட மருந்து அப்படியே உட்கார்ந்திருக்கலாம். குழலின் அடியில் செருகியிருக்கும் இரும்புக் கம்பியை உருவி உள்ளே விட்டு, வாய் விளிம்பில் விரல்வைத்து அடையாளம் பிடித்து, அதையே வெளியே குழலோடு ஒட்டி அளந்தால் தெரிந்துவிடும். கம்பி கேப்பு மாட்டும் இடம்வரை போயிற்று. காலி. பிறகுதான் எல்லோரும் கிட்டே வந்து உட்கார்ந்தோம்.

மொத்த நீளம் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர், குழல் மட்டும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குழலையும் கட்டையையும் மூன்று இரும்பு வளையங்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. விசைக்காப்பும் அடிக்கட்டைத் தகடும் பித்தளை. அந்த அளவும் மூன்று வளையங்களும் சேர்ந்தால் என்ஃபீல்டு என்றுதான் நினைக்கத் தோன்றும். 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள். கொழுப்புத் தடவிய தோட்டாவால் 1857இல் வட இந்தியாவைப் பற்றவைத்த அதே சாதனம். தகட்டில் கிரீடத்துக்கு முன்னால் 1860 என்ற ஆண்டு, அதன் மேல் ஆங்கிலத்தில் ‘டவர்’.

அந்தச் சொல்லைப் பார்த்து லண்டன் கோபுரத்தில் வைத்துச் செய்தது என்று விலையைக் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு. என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்தவற்றில் ‘என்ஃபீல்டு’ என்றே இருக்கும். ‘டவர்’ என்பது பெரும்பாலும் பர்மிங்காம் பட்டறைக்காரர்கள் ஒப்பந்தத்துக்குச் செய்து, அரசுப் பரிசோதகர் பார்த்து ஏற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கில் வந்த சரக்கு அது, அபூர்வமில்லை.

போலியோ என்ற கேள்வி அடுத்தது. என்ஃபீல்டின் நகல்கள் இன்றும் டெராடூன் பக்கம் செய்யப்படுகின்றன. வெளிநாட்டில் பழைய போர்களை வேடம்போட்டு நடத்திப் பார்ப்பவர்களுக்காக, ஒளித்தும் மறைத்தும் இல்லாமல் வெளிப்படையாகச் செய்யும் தொழில். கைபர் கணவாய்ப் பட்டறைகளின் சரக்கு வேறு ரகம். அவர்களுக்கு முத்திரை என்பது ஒரு கோலம். ‘என்’ என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். விக்டோரியா இறந்தது 1901இல், ஆனால் ‘வி.ஆர்.’ போட்டு 1910, 1915 என்று ஆண்டு பொறித்திருப்பார்கள். நம் துப்பாக்கியில் எழுத்து நேராக இருந்தது, ஆண்டு சரியாக இருந்தது. கட்டையில் மரம் வற்றிச் சுருங்கியதால் தகட்டின் ஓரம் மரத்துக்குமேல் மயிரிழை உயர்ந்து நின்றது. அது நெடுங்காலம் ஆகாமல் வராது. பித்தளையில் கைபட்டுத் தேய வேண்டிய இடங்களில்தான் தேய்மானம். அசல்தான்.

ஆனால் இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. கேட்டேன். “வருசாவருசம் ஆயுத பூசைக்கு உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சந்தனம் வெச்சுருவோமுங்க” என்றார் வீட்டம்மா, பெருமையாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது அந்தக் கரும்பழுப்பு மேல்தோலுக்கும் கூர்மை மழுங்காத முத்திரைகளுக்கும். அறுபது எழுபது ஆயுத பூசைகளில் இரண்டும் போய்விட்டன. குழலின் இடப்பக்கம் இருக்கவேண்டிய பரிசோதனை முத்திரைகள் நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் பள்ளங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டுச் சந்தையில் இதற்கு மட்டுமே பாதி விலை போய்விடும். அந்த வீட்டில் துப்பாக்கி ஆயுதமாகவும் சாமியாகவும் இருந்திருக்கிறது. சரக்காக இருக்கவில்லை. தேய்த்ததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த திருப்பத்தைத் தந்தவர் நாமக்கல் ரீபோர் பட்டறை மெக்கானிக் ஒருவர், சொந்தக்காரரின் மைத்துனர் மகன். லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யார் கையிலும் துப்பாக்கி வெளியே போகக் கூடாது என்பதால், வெர்னியரோடு அவரையே வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தோம். லாரி இன்ஜின் சிலிண்டரில் நூலளவு தேய்மானத்தைக் கண்ணால் சொல்லும் ஆள். சொந்தக்காரர் பிடித்துக்கொள்ள, குழல் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாமா, உள்ள மரை ஒண்ணுமே இல்லையே. பைப்பு மாதிரி வழவழன்னு இருக்குது.”

ரைஃபிள் என்றால் குழலின் உட்புறம் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் இருக்கவேண்டும். குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்புவது அவைதான். 1853 மாதிரியில் மூன்று பள்ளங்கள். தேய்ந்து போயிருக்குமோ? வாயை அளக்கச் சொன்னேன். 1853 என்ஃபீல்டின் குழல்வாய் 0.577 அங்குலம், அதாவது 14.7 மில்லிமீட்டர் அளவு. வெர்னியர் காட்டியது 16.8. எவ்வளவு சுட்டாலும் இரண்டு மில்லிமீட்டர் தேயாது.

அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். புரோக்கர் சொன்ன கதையைவிட நல்ல கதை அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தது.

1857க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு ஒரு முடிவுக்கு வந்தது: சிப்பாய் கையில் இருக்கும் ஆயுதம் எப்போதும் வெள்ளைச் சிப்பாய் கையில் இருப்பதைவிடத் தரம் குறைந்ததாகவே இருக்கவேண்டும். ஆனால் எல்லோரும் தூக்கிப் பிடிக்கும் என்ஃபீல்டைப் பார்த்துவிட்ட பின், பழைய மஸ்கெட்டைத் திரும்பக் கொடுத்தால் அணிவகுப்பிலேயே அவமானம் தெரியும். எனவே பர்மிங்காமில் ஒரு புது உருப்படி செய்தார்கள். வெளியே பார்த்தால் அச்சாக என்ஃபீல்டு: அதே நீளம், அதே மூன்று வளையம், அதே பித்தளை. உள்ளே வரிப்பள்ளம் கிடையாது, 0.656 அங்குல வழவழக் குழல். தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் ஏணிக்குறி இல்லை, நிலையான ஒரு சின்னக் குறி மட்டும். 1858 மாதிரி என்று அழைக்கப்படும் இந்தத் துப்பாக்கி இந்தியச் சிப்பாய்களுக்காகவே பிறந்தது. என்ஃபீல்டு ரைஃபிளால் நூற்றுக்கணக்கான கஜத்துக்கு அப்பால் குறிவைக்கலாம். இதை வைத்துக்கொண்டு நூறு கஜத்துக்கு மேல் ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டம்.

0.656 அங்குலம் என்பது 16.66 மில்லிமீட்டர். வெர்னியர் காட்டியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தேய்மானக் கணக்கில் சரியாகப் பொருந்தியது. பின்குறி இருக்கும் இடத்தைத் திரும்பப் பார்த்தோம். ஏணி கழன்று விழுந்த தடம் இல்லை, ஏணி இருந்ததே இல்லை.

விலை என்று பார்த்தால் இது வெட்டும் பக்கமும் உண்டு, ஒட்டும் பக்கமும் உண்டு. சுட்டு விளையாட விரும்புபவர் வரிப்பள்ளம் உள்ளதைத்தான் கேட்பார். இந்திய வரலாற்றுக்காகச் சேர்ப்பவருக்கோ வழவழக் குழல்தான் வேண்டும். அவநம்பிக்கையை இரும்பில் வார்த்துக் கொடுத்தது இது ஒன்றுதான். என்னைக் கேட்டால் அசல் ரைஃபிளைவிட இதற்கே ஒருபடி மேலே போட்டிருப்பேன். சந்தை அப்படி நினைப்பதில்லை.

இந்திய அரசின் உடைமை என்பதற்கு அம்புக்குறி போட்டு அதன் கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தைப் பொறிப்பார்கள். அது இந்தக் குழலின் அடிப்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. ராணுவம் கழித்து விற்ற ஆயுதம் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு அடையாளம் உண்டு: முனையோடு முனை முட்டி நிற்கும் இரண்டு அம்புகள். அது இதில் இல்லை. இல்லாததை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. அடிக்கட்டைப் பித்தளையில் ஒரு வரிசை எண் மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு படைப்பிரிவின் எழுத்து இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போயிருக்கும். மெட்ராஸ் காலாட்படையின் எந்தப் பிரிவு என்று தெரிந்தால் எங்கே நின்றது, எங்கே போனது எல்லாம் சொல்லிவிடலாம். விலையும் பல மடங்காகும்.

உலோகம் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. மீதியைக் காகிதத்தில் தேடவேண்டும்.

வீட்டுக்காரர் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். என் தொழிலில் இதற்காகத்தான் வெயிலில் அலைவது. உள்ளே துணியில் சுற்றிய லைசென்ஸ் புத்தகங்கள், புதுப்பித்த சலான்கள், அவற்றோடு ஒரு கட்டு ஸ்டேஷன் ரசீதுகள். நம் ஊரில் தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்தபின் திரும்ப வாங்கவேண்டும். ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் ஒரு துண்டு ரசீது. பெரும்பாலானவற்றில் ‘எம்.எல். கன் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி என்பதற்குமேல் ஒன்றுமில்லை. எந்தத் துப்பாக்கிக்கும் அது பொருந்தும். ஆனால் 1967 பொதுத்தேர்தலின்போது இருந்த ஸ்டேஷன் ரைட்டர் புண்ணியவான். அழகான கையெழுத்தில், ‘டவர் 1860 எனப் பொறித்த நீளக் குழல் துப்பாக்கி, பித்தளைப் பூண்’ என்று முழுசாக எழுதி, தேதி போட்டுச் சீல் வைத்திருந்தார். அறுபத்தேழு முதல் இன்றுவரை இந்த வீட்டில் இருப்பது இதே துப்பாக்கிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

அடியில் இருந்த மிகப் பழைய லைசென்ஸ் 1923ஆம் ஆண்டுடையது. அதில் திருச்சினாப்பள்ளி மாவட்டச் சீல். இதை வைத்துத்தான் புரோக்கர், ‘திருச்சிக் கோட்டையிலிருந்து வந்த துப்பாக்கி’ என்று இரண்டாவதாக ஒரு கதையும் கட்டியிருந்தார். விஷயம் கோட்டையில் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது. 1910இல் நாமக்கல் தாலுகாவைச் சேலத்திலிருந்து பிரித்துத் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். பல வருடம் கழித்தே அது சேலத்துக்குத் திரும்பியது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். ஆகவே இந்த ஊர்க்காரர் 1923இல் லைசென்ஸுக்கு நடந்தது திருச்சிக்கு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேலம் மாவட்டக் கட்டுகளை மட்டும் புரட்டுபவர், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களின் அந்தக் காலத்து ஆவணம் தொலைந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போவார். எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர் வெளிவந்தது 1918இல், நாமக்கல் சேலத்தில் இல்லாத காலத்தில். அதைத் திறப்பவர்களும் இதை மனதில் வைப்பது நல்லது.

1923க்கு முன்னால்? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தபின் இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் கட்டாயமாயிற்று. (குடகு நாட்டாருக்கு விலக்கு, அது இன்றும் தொடர்கிறது.) எழும்பூரில் நீதித்துறை அரசாணைகளின் அட்டவணைகளில் கழித்த ஆயுதங்கள், போலீஸ் ஆயுதங்கள் என்ற தலைப்புகளைத் துரத்தினேன். எனக்கு ஓர் ஆசை இருந்தது. மெட்ராஸ் போலீஸ் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் உருவானது. துப்பாக்கி 1860. புதுப் போலீஸுக்காக வந்த முதல் சரக்கில் ஒன்றாக இது இருக்கக்கூடாதா? ஆண்டு பக்கத்தில் பக்கத்தில் வருகிறது, கதையும் அழகாக இருக்கிறது. ஆனால் இந்த வரிசை எண்ணைக் குறிப்பிடும் ஒரு வரி கிடைக்கவில்லை. கிடைக்காதவரை அதற்கு விலையில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்க முடியாது. வெள்ளைக்காரரிடம் வாங்கியதாகச் சொன்ன அப்பாருவின் சொல்லும் அதே கணக்கில்தான் சேரும். பொய் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் வாங்கிய சீட்டு இல்லை.

இனிக் கோடிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அது முழுக் கற்பனையல்ல. இந்தச் சமவெளி 1792 ஒப்பந்தம்வரை யாருடைய ஆட்சியில் இருந்ததோ அந்தத் திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் உண்மையிலேயே கோடிகளுக்குப் போகின்றன. 2015 ஏப்ரலில் லண்டன் பொனாம்ஸ் ஏலத்தில் ராபின் விகிங்டன் சேகரிப்பிலிருந்த திப்புவின் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுனுக்குப் போனது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 7 கோடி ரூபாய். 1793-94இல் அசத் கான் முகமது என்ற கைவினைஞர் செய்த இன்னொரு வேட்டைத் துப்பாக்கியை 20 லட்சம் பவுன் என்று மதிப்பிட்டு, நாட்டைவிட்டுப் போகாமல் 2023இல் பிரிட்டிஷ் அரசு தற்காலிகமாகத் தடுத்துவைத்தது. புரோக்கர்கள் கைபேசியில் காட்டுவது இந்தச் செய்திகளைத்தான்.

அவர்கள் காட்டாத ஏலம் ஒன்று உண்டு. 2019 மார்ச்சில், இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த திப்புவின் துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. வெள்ளிப் பூண், பயோனெட்டோடு. கம்பெனிப் படையின் மேஜர் தாமஸ் ஹார்ட் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துப்போய், அவர் வழியினரிடம் தங்கியது. போரில் குண்டு பட்ட தழும்புகூட அதில் இருந்தது. போன விலை 60,000 பவுன், 55 லட்சம் ரூபாய் அளவு. திப்புவின் சொந்த ஆயுதசாலைப் பொருள், கைமாறிய வழி தெளிவாகத் தெரிந்தது, அதற்கே கோடி வரவில்லை. திப்புவின் ஆயுதங்களில் புலிவரி, ஹைதரி முத்திரை, மௌலூதி ஆண்டுக் கணக்கு எல்லாம் உண்டு. அந்த ஆண்டை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பது தெரியாமல் போலி செய்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. பொருளே தன் முதலாளியின் பெயரைச் சொல்கிறது, கைமாறிய அந்தச் சங்கிலி திப்பு வீழ்ந்த 1799இலிருந்து அறுபடாமல் வருகிறது. கோடிகள் அதற்குத்தான்.

சேலத்துக்கே ஓர் உதாரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்ற கத்திக் கொல்லர் செய்த வேட்டைக் கத்திகளையும் பன்றி ஈட்டிகளையும் வெள்ளைக்காரச் சிகாரிகள் தேடி வந்து வாங்கினார்கள். தகட்டில் ஆங்கிலத்தில் ‘அர்னாசெல்லம், சேலம்’ என்று பொறித்திருப்பார். அந்த ஒற்றை வரி இருக்கும் கத்திக்கு இன்றும் உலகச் சந்தையில் மதிப்பு. அதே பட்டறையில் அதே எஃகில் செய்து பெயர் பொறிக்காமல் விட்ட கத்தி, கறிக்கடையில் கிடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நம் டவர் துப்பாக்கிக்கு இணை திப்புவினுடையது இல்லை, காட்மாண்டு சரக்குதான். காட்மாண்டுவில் பழைய அரண்மனை ஆயுதக்கிடங்கில் கிடந்த 50,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். பிரவுன் பெஸ், என்ஃபீல்டு வகைகள், மார்ட்டினி-ஹென்றி என்று அடுக்கடுக்காக. அதுவரை அபூர்வம் என்று பேசப்பட்டவை தபாலில் வரவழைக்கும் சரக்காயின. அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிக்குக் கூட்டரசு லைசென்ஸ் தேவையில்லை, வாங்க ஆள் உண்டு. ஆனால் வரத்தும் அவ்வளவு இருந்தது. இந்த வகை நல்ல நிலையில் இருந்தால் அங்கே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர் அளவில் பேசலாம். உப்புத்தாள் பட்டதற்கு அதில் பாதி.

அந்தப் பாதியும் சேந்தமங்கலத்துக்கு வராது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை. ஆக, வெளிநாட்டுப் பார்ட்டி என்று ஒருவர் நிஜமாகவே இருந்தாலும் அவரால் இதை வாங்க முடியாது. நியாய விலை பேசும்போது லண்டன் ஏலமும் அமெரிக்க டாலரும் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகின்றன. சட்டப்படி வாங்கக்கூடியவர் இந்தியாவுக்குள் இருக்கும் லைசென்ஸ்காரர் மட்டும். அவருக்கு விற்பதென்றாலும் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்கவேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைக்கலாம், வாரிசாக வந்தவையும் அந்தக் கணக்கில்தான். அந்த இரண்டில் ஓர் இடத்தைப் பன்றியைக்கூடச் சரியாக அடிக்காத பழைய சிப்பாய்த் துப்பாக்கிக்கு ஒதுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

‘பழசு, ஓடாது, லைசென்ஸே வேண்டாம்’ என்றும் புரோக்கர் சொல்லியிருந்தார். ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்கிற நிலையில் இருப்பதற்கே அது. இந்தத் துப்பாக்கியின் குதிரை சொடுக்கென்று ஏறி இறங்குகிறது. லைசென்ஸ் வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நான் சொந்தக்காரருக்குத் தாளில் எழுதிக்கொடுத்தது இது: அசல் 1858 மாதிரி வழவழக் குழல், பர்மிங்காம் தயாரிப்பு, 1860. முத்திரைகள் தேய்ந்தவை. படைப்பிரிவு அடையாளம் இல்லை. 1923 முதல் குடும்ப லைசென்ஸ், 1967 முதல் ஆவணச் சான்று. சட்டப்படி இந்தியாவுக்குள் விற்பதானால் என் மதிப்பீட்டில் 25,000 ரூபாய். துப்பாக்கிக் கடைக்காரர் அதில் கால்வாசிகூடத் தரமாட்டார். அந்த வரலாறு தெரிந்து வாங்குபவரிடம் மட்டுமே முழுத்தொகை கேட்கலாம், அந்த ரசீதுக் கட்டையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால். ரசீது இல்லாமல் கொடுத்தால் பத்தாயிரத்துக்கு மேல் கேட்பது நியாயமாகாது.

அவர் படித்துவிட்டு, “அப்ப அந்தச் சீட்டுக்குப் பதினஞ்சாயிரமுங்களா?” என்றார். ஆமாம் என்றேன்.

விற்கவில்லை. மகன் பெயருக்கு லைசென்ஸ் மாற்ற விண்ணப்பித்திருக்கிறார். புரோக்கரின் எண்ணைத் தடைசெய்துவிட்டார்.

சேலம், நாமக்கல் பக்கம் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், இந்த ஆயுத பூசைக்கு உப்புத்தாள் வேண்டாம். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துச் சந்தனம் வையுங்கள். பழைய லைசென்ஸ், ஸ்டேஷன் ரசீது, சலான் எதையும் எடைக்குப் போடாதீர்கள். டெஸ்டிங் செலவு என்று கேட்பவருக்கு டீக்காசுகூடக் கொடுக்காதீர்கள்.